தலை எண்ணிக்கை சரியாக இருந்தது

என் மகள் எழுதிய அந்தப் பைத்தான் ஃபங்ஷன் இரண்டே வரிதான். இரண்டு பட்டியல்களைக் கொடுத்தால் இரண்டும் ஒன்றா இல்லையா என்று அது சொல்ல வேண்டும். ஒன்று என்றால் ட்ரூ, இல்லை என்றால் ஃபால்ஸ். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. இந்த மாதங்களில் எங்கள் ஊர் இலஞ்சியில் துணி காயாது. மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகளில் விரித்துப் போட்டிருந்த துணிகளை ஒதுக்கிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் தென்காசியில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நான் கணக்கு டீச்சர். ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். அவள் ஃபங்ஷன் என்று சொல்வதை நாங்கள் சார்பு என்போம். ஏதோ ஒன்றை உள்ளே போட்டால் ஏதோ ஒன்று வெளியே வரும். அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

"வீட்டுப்பாடமாட்டி?" என்று கேட்டேன்.

"வீட்டுப்பாடந்தான். உனக்காவவுந்தான் எழுதுதேன்."

அந்த 'உனக்காவ' என்னவென்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை அவள் வகுப்பு குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிறது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பழகிக்கொள்ளட்டும் என்று ஒரு வேன் பிடித்திருந்தார்கள். கூட ஒரு மேடம் வருகிறார். ஆட்களைப் பார்த்துக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் பொறுப்பை வகுப்புப் பிரதிநிதி என்று இவளிடம் கொடுத்துவிட்டார்கள். நான் ஒரு வாரமாகச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கெங்கிருந்தோ ஆட்கள் ரயிலேறி வந்து குளித்துவிட்டுப் போகிறார்கள். மலையடிவாரத்தில் குடியிருக்கிற எங்கள் வீட்டுப் பிள்ளை ஆறு வயதுக்குப் பிறகு அருவியில் தலை நனைத்ததில்லை.

"இங்கன பாரு. இது வேன்ல போனவங்க பட்டியல். இது திரும்பி ஏறுனவங்க பட்டியல். ரெண்டையும் ஃபங்ஷனுக்குக் குடுத்தா சரியா இல்லையான்னு சொல்லிரும். ஒரு ஆள விட்டுட்டு வர முடியாது. போதுமா?"

சோதனைக்காகப் பழங்களின் பெயர்களைப் போட்டிருந்தாள். மங்குஸ்தான், ரம்புட்டான், பலா. இரண்டாவது பட்டியலிலும் அதே மூன்று. ஓட்டினாள். ட்ரூ வந்தது. இரண்டாவதில் ஒன்றைக் குறைத்து ஓட்டினாள். ஃபால்ஸ் வந்தது. பெருமையாக என்னைப் பார்த்தாள்.

நான் அந்த இரண்டாவது வரியைப் பார்த்தேன். "இது என்ன, லென்?"

"நீளம். பட்டியல்ல எத்தன இருக்குன்னு எண்ணிச் சொல்லும். இதுலயும் மூணு, அதுலயும் மூணு. அப்ப ட்ரூ."

"பலாவ எடுத்துட்டு அந்த எடத்துல கொய்யான்னு போடு."

போட்டாள். ஓட்டினாள்.

ட்ரூ.

 அந்தச் சின்ன ஆங்கிலச் சொல் கறுப்புத் திரையில் ஒரு மூலையில் எந்தக் கவலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. போனது பலா, வந்தது கொய்யா. ஆனாலும் எல்லாம் சரி.

"ஐய, எண்ணிக்கைய மட்டும் பாக்கு. சின்னத் தப்புதான், மாத்திருதேன்" என்றாள்.

"சின்னத் தப்பு இல்லட்டி" என்றேன். என் குரல் வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

சின்ன வயதில் அருவியில் தொலைந்துபோய்க் கிடைத்தாள் என்பது அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அது ஒற்றை வரிக் கதை. 'தொலைஞ்சு போனே, கெடச்சிட்டே.' அதற்கு மேல் அவளிடம் நான் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சொன்னேன்.

அப்போது நாங்கள் வீரகேரளம்புதூரில் என் கணவரின் அண்ணன் குடும்பத்தோடு இருந்தோம். என் கணவர் பட்டாளத்தில், வடக்கே எங்கேயோ இருந்தார். சாரல் தொடங்கியதும் சொந்தக்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வேன் பிடித்து ஐந்தருவிக்குப் போனோம். அண்ணன் வீட்டார், அவர்களுடைய சம்பந்தி வீட்டார், அந்த வீட்டுக்கு விருந்து வந்தவர்கள் என்று பதினாறு பேர். பின் சீட்டில் ஏற்றிய குழந்தைகளுக்கே ஒருவரையொருவர் முழுதாகத் தெரியாது.

என் கணவரின் அண்ணனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். வயலும் நெல்லுமாக வாழ்ந்தவர். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்பார்கள். அதன்பிறகுதான் ரெண்டு, மூணு. அத்தானுக்கு எதை எண்ணினாலும் அப்படித்தான். தேங்காய் எண்ணினாலும் லாபம்தான், பந்தியில் இலை எண்ணினாலும் லாபம்தான். வேனில் ஏறியவர்களையும் அப்படியே எண்ணினார். எப்போதும் ஆகச் சின்னப் பிள்ளையிடமிருந்து தொடங்குவார். தலையில் விரல் முட்டியால் லேசாகத் தட்டி, "லாபம்" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அன்று காலையில் அந்த லாபம் என் மகள். "பெரியப்பா, இன்னொருக்கச் சொல்லுங்க" என்று அவள் தலையைக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

பிற்பகல் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. அருவிக்குப் போகிற வழியில் கடைகளில் மஞ்சள் துண்டு விற்றார்கள். ஆளுக்கொன்று வாங்கினோம். அன்றைக்கு அங்கே வந்த குழந்தைகளில் பாதிப் பேர் தலையில் அந்த மஞ்சள் துண்டுதான் இருந்தது என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. குளித்து முடித்து, பிள்ளைகளுக்குத் துவட்டிவிட்டு, எங்கள் அக்காவிடம், அதாவது அத்தானின் மனைவியிடம் என் மகளை விட்டுவிட்டு, உடை மாற்றப் போனேன். அப்போதுதான் விசில் கேட்டது.

மலைக்கு மேலே எங்கேயோ பெய்த மழை. தண்ணீரின் நிறம் மாறிவிட்டது என்று யாரோ கத்தினார்கள். போலீஸ்காரர்கள் விசிலை ஊதிக்கொண்டே எல்லாரையும் வெளியே தள்ளினார்கள். "ஓடுங்க, ஓடுங்க, சாமான அப்புறம் எடுக்கலாம்." ஒரு நிமிஷத்தில் குளித்துக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும் பாதையில் இருந்தது. ஈரத் துணியும், எண்ணெய் வாடையும், குழந்தைகளின் அழுகையுமாக வேன்கள் நின்ற இடத்துக்கு ஓடினோம். எல்லா வேனும் வெள்ளை. மழையும் பிடித்துக்கொண்டது. அக்கா கண்ணாடியில்லாமல் பார்க்க முடியாதவள். கண்ணாடி பையில் இருந்தது. சின்னக் கை ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஓடினாள்.

நான் வேனின் முன் பக்கம் ஏறினேன். பின்னால் மஞ்சள் துண்டு போர்த்திய தலைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. அத்தான் ஈர வேட்டியோடு குனிந்து உள்ளே வந்து, ஆகச் சின்னத் தலையில் முட்டியால் தட்டினார்.

"லாபம்."

யாரும் சிரிக்கவில்லை. ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டே வந்து, கடைசியாகத் தன் நெஞ்சைத் தொட்டுப் பதினாறு என்றார்.

"எல்லாரும் இருக்கு. எடுலே வண்டிய."

வேன் புறப்பட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. குற்றாலம் ஊரைத் தாண்டித் தென்காசிச் சாலைக்கு வரும்வரை, வாகன நெரிசலில் நகர்ந்து நகர்ந்து போன அந்த நேரம் முழுவதும் நான் நிம்மதியாக இருந்தேன். சம்பந்தி அம்மாளோடு பேசிக்கொண்டு வந்தேன். தலையைத் துவட்டினேன். காலையில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் மடியில் இருந்தது ஞாபகம் வந்து பிரித்தேன்.

"பிள்ளைகளா, யாருக்கு வேணும்?" என்று திரும்பிப் பார்க்காமல் பின்னால் நீட்டினேன். சீட்டுகளுக்கு இடையில் ஒரு சின்னக் கை வந்தது.

உள்ளங்கையில் வட்டமாக மருதாணி. விரல் நுனிகளில் தொப்பி போட்டதுபோல மருதாணி. நன்றாகச் சிவந்திருந்தது.

என் மகளுக்கு மருதாணி வாடையே ஆகாது. வைத்துவிட்டால் அழுது கழுவிவிடுவாள்.

நான் திரும்பி, அந்தத் துண்டை விலக்கினேன். நான் அதுவரை பார்த்தேயிராத ஒரு முகம். நாலைந்து வயது இருக்கும். அழவில்லை. கையை நீட்டியபடியே என்னைப் பார்த்தாள்.

"நீ யாரும்மா? ஒங்க வண்டி எது?"

"இதுதான்" என்றாள்.

பக்கத்திலிருந்த பையன், "நான் சம்பந்தி வீட்டுப் பிள்ளைன்னுல்லா நெனச்சேன்" என்றான். சம்பந்தி வீட்டுப் பிள்ளைகள், எங்கள் வீட்டுப் பிள்ளை என்று நினைத்திருந்தார்கள். அக்கா பையைக் கொட்டிக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே, "நான் கையப் புடிச்சுத்தானே கூட்டியாந்தேன், கையப் புடிச்சுத்தானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அத்தான் மறுபடி எண்ண ஆரம்பித்தார். பதினாறு. மறுபடி எண்ணினார். எத்தனை முறை எண்ணினாலும் பதினாறுதான் வந்தது. அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்கு விவரிக்கத் தெரியவில்லை.

வேனைத் திருப்ப முடியவில்லை. அருவிகளிலிருந்து வெளியேற்றிய வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்துகொண்டிருந்தன. நான் அந்தப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி ஓடினேன். அத்தான் பின்னால் ஓடி வந்தார். ஒரு ஆட்டோக்காரர் பாதி தூரம் கொண்டுபோய் விட்டார். அதற்கு மேல் போகவிடாமல் தடுப்பு போட்டிருந்தார்கள். அதையும் தாண்டி ஓடினோம். அந்தப் பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் முகத்தை வைத்திருந்தாள். அவள் மூச்சு என் காதில் சூடாகப் பட்டது. எனக்கு அந்தக் குழந்தைமேல் கோபம் வந்தது. நீ இந்தச் சீட்டில் உட்காராமல் இருந்திருந்தால் பதினைந்து என்று வந்திருக்கும். பதினைந்து என்று வந்திருந்தால் நாங்கள் புறப்பட்டிருக்க மாட்டோம். மழையில் ஓடிக்கொண்டே இந்தக் கணக்கைத்தான் நான் போட்டேன்.

அருவி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தம் கேட்டது. காலையில் கேட்ட சத்தம் இல்லை. செம்மண்ணைக் கரைத்து ஊற்றியதுபோலத் தண்ணீர் ஐந்து கிளையும் தெரியாமல் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வண்டிகள் நின்ற இடத்துக்குப் போனேன்.

எங்கள் வேன் நின்ற இடம் காலியாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் நின்ற வேனின் கதவு திறந்திருந்தது. அதன் முன்னால் ஒரு பெண் மழையில் நின்றாள். என் வயதுதான் இருக்கும். அவள் கையில் என் மகளின் மணிக்கட்டு இருந்தது. மஞ்சள் துண்டைப் பார்த்து, தன் பிள்ளை என்று என் மகளைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து ஏற்றியிருக்கிறாள். ஏற்றிய பிறகுதான் முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

நான் என் மகளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினேன். என் மகள் என்னிடம் வரத் துள்ளினாள். அந்தப் பெண் விடவில்லை. செங்கோட்டைப் பக்கத்துப் பேச்சு.

"மொதல்ல எம் மோளக் கையில தா. பெறவு ஒம் பிள்ளைய விடுதேன்."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் பிள்ளையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரு கணம் அப்படியே நின்றோம். என் கையும் அந்தக் குழந்தையை விடவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். பிறகு எப்படி மாற்றிக்கொண்டோம் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. என் மகள் என் மேல் இருந்தாள். மற்றவள் தரையில் உட்கார்ந்து தன் மகளின் மருதாணிக் கையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

அத்தான் மூச்சிரைக்க வந்து, "எண்ணித்தாம்மா ஏத்துனேன். சத்தியமா எண்ணித்தான் ஏத்துனேன்" என்றார்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "எண்ணுனீரு. மொகத்தப் பாத்தீரா அண்ணாச்சி?"

அத்தான் அதற்குப் பிறகு ஆட்களை எண்ணியதில்லை. களத்தில் நெல் அளக்கிற நாளிலும் வேறொருவரை அளக்கச் சொல்லிவிட்டு வரப்பில் போய் நின்றுகொள்வார். என் மகளின் மணிக்கட்டில் அந்தப் பெண்ணின் விரல் தடம் சிவந்து கிடந்தது. வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டேன். என் கணவர் போனில் கேட்டபோது, "ஒண்ணுமில்ல, போயிட்டு வந்துட்டோம்" என்றேன்.

ஒன்பதாம் வகுப்பில் முதல் பாடம் கணமொழி. சாரல் விழும் ஜூன் மாதத்தில்தான் அது வரும். உறுப்புகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் அவை சமான கணங்கள், உறுப்புகளும் ஒன்றாக இருந்தால்தான் சம கணங்கள் என்று கரும்பலகையில் எழுதுவேன். ஒவ்வொரு வருடமும் அதை எழுதும்போது என் முதுகுக்குப் பின்னால் யாரோ கையை நீட்டுவதுபோல இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது லேப்டாப் திரை அணைந்து போயிருந்தது. மகள் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பிறகு, "எனக்கு அந்த அத்தைய ஞாபகம் இருக்கும்மா" என்றாள்.

"என்ன ஞாபகம்?"

"எங் கையப் புடிச்சிருந்தாங்க. விடவே இல்ல. எல்லாரும் ஓடுதாங்க, வண்டியெல்லாம் போவுது. அவங்க வீட்டு ஆளுங்க வந்து, அந்தப் பிள்ளைய போலீஸ்ல விட்டுட்டு வா, நம்ம பிள்ளையத் தேடணும்னு சத்தம் போட்டாங்க. அவங்க விடல. அதான் எனக்குப் பயமே இல்ல."

நான் அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். இத்தனை வருடமும் அந்தப் பிடியை நினைத்து எத்தனை முறை பதறியிருப்பேன். பணயமாகப் பிடித்து வைத்த பிடியென்றுதான் என் மனதில் இருந்தது. என் மகளோ அதைக் கைப்பிடிச் சுவரைப்போல ஞாபகம் வைத்திருக்கிறாள். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே கைதான்.

அவள் திரையைத் தட்டி எழுப்பி, முதலில் எழுதியதை அழித்தாள். புதிதாக எழுத ஆரம்பித்தாள். எழுதும்போதே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். காணோம் என்று ஒரு வெற்றுப் பட்டியல். போனவர்களை ஒவ்வொருவராக எடு. அவர் வந்தவர்களில் இருக்கிறாரா என்று பார். இல்லையென்றால் அவர் பெயரைக் காணோமில் சேர். கடைசியில் காணோமைக் காட்டு.

பழங்களை நீக்கிவிட்டுப் புதிய பட்டியல் போட்டாள். பெரியப்பா, பெரியம்மா, அம்மா, நான். இரண்டாவதில் பெரியப்பா, பெரியம்மா, அம்மா, மருதாணி. ஓட்டினாள். சதுர அடைப்புக்குறிகளுக்குள் ஒரே ஒரு சொல் வந்தது. நான்.

"பாத்தியா, காட்டிட்டு" என்றாள் மெதுவாக.

"அந்தப் பிள்ளை எங்க?" என்றேன்.

"எந்தப் பிள்ளை?"

"மருதாணி. அவ நம்ம வண்டில உக்காந்திருக்கா. ஒன் ஃபங்ஷன் அவளப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே. அவளையும் ஒரு அம்மா தேடுதால்லா."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டு, அதே வரிகளைத் தலைகீழாக இன்னொரு முறை எழுதினாள். வந்தவர்களை ஒவ்வொருவராக எடு, போனவர்களில் இல்லையென்றால் 'யாரோ' என்ற பட்டியலில் சேர். இப்போது ஓட்டியபோது இரண்டு வரிகள் வந்தன. காணோம்: நான். யாரோ: மருதாணி.

சாயங்காலம் அவள் அப்பா வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று இப்போது தென்காசியில் ஒரு வங்கியில் காவலுக்கு இருக்கிறார். ஃபங்ஷன் எழுதியிருக்கிறேன் என்று மகள் சொன்னதும், "யாரு வீட்டு ஃபங்ஷன்? மொய் எழுதணுமா?" என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினாள். அவர் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"போவட்டும் விடு" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. தலைய எண்ணக் கூடாதுட்டி. பட்டாளத்துல பேரச் சொல்லிக் கூப்புடுவான், ஆளு பதில் சொல்லணும். பேரச் சொல்லு, மொகத்தப் பாரு, பெறவு எழுது."

"சரிப்பா."

"வேன் எடுக்கதுக்கு முன்னாடி அந்த ரெண்டு வரியவும் எனக்குப் படம் புடிச்சு அனுப்பணும்" என்றேன். அதுதான் என் சம்மதம். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். என் கை அவள் முதுகைத் தொட்டதே தவிர, நான் சரி என்று வாயால் சொல்லவில்லை.

சனிக்கிழமை போனாள். போகும்போது போனில் பைத்தான் ஓடுகிறதா என்று எனக்கு ஒருமுறை ஓட்டிக் காட்டினாள். காலையில் ஏறியதும் போனவர்கள் பட்டியலை அனுப்பினாள். முதல் பெயர் அவளுடையதுதான். மத்தியானம் வரைக்கும் விடைத்தாள் திருத்தினேன். ஒரே தாளை இரண்டு முறை கூட்டினேன். நல்ல சாரல். மலை தெரியவில்லை, மேகம் கீழே வரைக்கும் இறங்கியிருந்தது. பிற்பகலில் போன் ஒலித்தது. படம்.

யாரோ என்ற வரியில் அடைப்புக்குறிகளுக்குள் ஒன்றுமில்லை.

காணோம் என்ற வரியில் ஒரு பெயர் இருந்தது. நான் வைத்த பெயர்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தேனா, எழுந்து நின்றேனா, எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. மறுபடி கூப்பிட்டேன். படத்தை அனுப்பியது அவள் போன். போன் அவள் கையில் இருந்தால்தானே அனுப்ப முடியும் என்று என் படிப்பு சொன்னது. போன் வேறு யாராவது கையில் இருந்தால் என்று வேறு ஏதோ கேட்டது. எண்ணிக்கை சொல்லியிருந்தால் நம்பாமல் இருக்கலாம். இது பெயரைச் சொல்கிறது. இந்த வரிகளை நான்தான் கூட உட்கார்ந்து எழுத வைத்தேன். குடையை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் சாலைக்கு வந்துவிட்டேன்.

தென்னந்தோப்பைத் தாண்டும்போது அவளே கூப்பிட்டாள். பின்னால் பாட்டும் கைதட்டலும் கேட்டது.

"எம்மா, என்ன இத்தன தடவ கூப்புட்டிருக்க? இப்பதான் சிக்னல் வருது."

"ஒம் பேரு வந்திருக்குட்டி" என்றேன். "காணோம்ல ஒம் பேரு வந்திருக்கு."

படத்தைத் திறந்து பார்த்திருப்பாள் போல. பிறகு, "அய்யய்யோ" என்றாள். "எல்லார் பேரையும் கூப்புட்டேன்மா. ஒவ்வொருத்தியா மொகத்தப் பாத்துப் பாத்து எழுதுனேன். என் பேர நான் கூப்புடவே இல்ல. என்னைய யாரு கூப்புடுவா?" அவள் சிரித்தாள். பக்கத்தில் யாரோ பிள்ளைகளும் விஷயம் கேட்டுச் சிரித்தார்கள். "லீடரே மிஸ்ஸிங்" என்று ஒருத்தி கத்தினாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாலையோரத்தில் நின்றுகொண்டு, வகுப்பில் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு கூப்பிடுவதுபோல அவள் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"உள்ளேன் அம்மா" என்றாள்.

"இப்ப எழுது" என்றேன்.

வேன் வந்து நிற்கும்வரை வீட்டுக்குப் போகவில்லை. புதிய படம் வந்தது. இரண்டு வரியிலும் வெறும் அடைப்புக்குறிகள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றுமில்லை என்பதை இப்படி எழுதிக் காட்ட முடியும் என்பது எனக்கு அந்த நேரத்தில் ஆச்சரியமாக இருந்தது.

வெள்ளை வேன்தான். அவள் இறங்கினாள். தலை நனைந்திருந்தது, கண் சிவந்திருந்தது, பல் தெரியச் சிரித்தாள். முகத்தைப் பார்த்தேன். பிறகு கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன்.

"எம்மா, செருப்பு எங்க?" என்றாள்.

 வேனின் கதவு இன்னும் மூடவில்லை. அவள் கையை விடாமல், ஒரு காலைப் படியில் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். முன் சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரை, துண்டு போர்த்தியிருந்த ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்தேன். அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"யாரம்மா தேடுத?" என்றாள் என் மகள்.